எடை அறையில் செத்த கம்ப்யூட்டர்

லவோன் ஷெர் கோபக்காரி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொருத்தனும் ஒரு நாளாவது அவளைக் கோபப்பட வைத்தவன். அதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

கார்வின் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடை அறை அவளுடையது. கோதுமை லாரி மேடையில் ஏறி நிற்கும். அவள் ஜன்னலைத் திறந்து ஒரு பிடி தானியத்தை எடுத்து ஈரம் பார்ப்பாள், எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், சீட்டு வெளியே வரும், லாரி நகரும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அறுவடை நாளில் அந்தச் சீட்டு கொஞ்சம் தாமதமானால் நெடுஞ்சாலை வரைக்கும் லாரி நிற்கும். நிற்கிறவன் எல்லாம் வானத்தைப் பார்ப்பான், பிறகு அவள் ஜன்னலைப் பார்ப்பான், பிறகு வாயைத் திறப்பான்.

அவளும் ஒரு காலத்தில் லாரி ஓட்டி வந்து அதே மேடையில் நின்றவள்தான். புருஷன் ஆர்வில் விதைப்பு நேரத்தில், டிராக்டரில் உட்கார்ந்தபடியே செத்துப் போனான். கடனுக்கு நிலம் போயிற்று. மேற்குத் துண்டை வாங்கியவன் மில்பர்ட் ரீகர். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவள் கணக்கைப் பார்த்து எழுதியவன், இப்போது கிடங்கின் தலைவன். நிலம் இருக்கிறவனுக்குத்தான் கிடங்கில் பங்கு, பங்கு இருக்கிறவனுக்குத்தான் கூட்டத்தில் கை தூக்க உரிமை. நிலம் போனதோடு லவோனின் கையும் போயிற்று. வேலை கொடுத்தார்கள். பெரிய தர்மம் செய்த மாதிரி இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்த அறையில் வேறு எவள் உட்காருவாள், குளிர்காலத்தில் கை விறைக்க, கோடையில் தூசியில் மூச்சு முட்ட?

அவள் வேலைக்கு வந்த அடுத்த வருஷம் வாங்கினது அந்தக் கம்ப்யூட்டர். வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. பிறகு பழைய பல் நிறத்துக்கு வந்துவிட்டது. சூடானால் உள்ளே விசிறி அலறும். ஈரமான நாளில் கிளம்பவே கிளம்பாது. வெயில் நாளில் நடுவில் நின்றுவிடும். லவோன் பழைய நைலான் காலுறையை வெட்டி அதன் மூச்சுத் துளையில் கட்டி வைத்திருந்தாள், தூசி உள்ளே போகாமல். சனிக்கிழமை அவிழ்த்து உதறுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள், பிள்ளைதான் இல்லையே.

ஒவ்வொரு குளிர்காலமும் மேனேஜரிடம் போய் நிற்பாள். இந்த மேனேஜர் கர்ட் சின்ன வயசு, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும்.

"கர்ட், அது அடுத்த அறுவடை தாங்காது. புதுசு வாங்குங்க."

"நீங்க சொல்றது சரிதான் லவோன். பாப்போம்."

எங்கள் ஆட்களுக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது. பார்ப்போம் என்பார்கள். பார்ப்போம் என்றால் செத்தாலும் கிடையாது என்று அர்த்தம். அவனவன் வயலுக்கு வீடு அளவு அறுப்பு மெஷின் புதிதாக வரும், உள்ளே ஐஸ் பெட்டியோடு. ஆனால் எடை அறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னும் ஒரு அறுவடை, இன்னும் ஒரு அறுவடை.

போன கோதுமை அறுவடையின் நடுவில்தான் அது நடந்தது.

காலையில் பனி காயும் வரை வயலில் இறங்க முடியாது. அதனால் கிடங்கு காலி. முந்தின சாயங்காலம் நிரப்பிய லாரியோடு மில்பர்ட் மட்டும் வந்து காத்திருந்தான். கம்ப்யூட்டர் அப்போதே அலறிக்கொண்டிருந்தது. தானிய மாதிரிகளைத் தபாலில் போட லவோன் தபாலாபீஸ் வரை போனாள். திரும்பி வரும்போது மில்பர்ட் வெளியே லாரியின் சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல சக்கரத்தை எவன் உதைத்துப் பார்ப்பான்?

"லவோன், உன் கம்ப்யூட்டர் ஏதோ மாதிரி இருக்கே."

அவள் உள்ளே போனாள். சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கியது. மேஜை, நாற்காலி, காபி கோப்பைகள் எல்லாவற்றின் மேலும் கோதுமைத் தூசி பாய் விரித்த மாதிரி. காலுறை தரையில் கிடந்தது, நனைந்து. பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது. பின்பக்கக் கதவு வழியாகப் பார்த்தால் பட்டறையின் காற்றுக் குழாய் பாம்பு மாதிரி நீண்டு வாசல் வரைக்கும் வந்து கிடந்தது.

எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. காற்றடிக்கும் மெஷினைப் போடு, குழாயை நீட்டு, ஊது. அறுப்பு மெஷினைத் தினமும் காலையில் அப்படித்தான் ஊதிச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு அது சரி. இரும்பு தாங்கும். அமுக்கின காற்றின் ஈரம் இறங்கி, அந்த மெஷினின் தொட்டியில் ஒரு கோடைக்கான தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று ஒருவனுக்கும் ஞாபகம் வராது. மில்பர்ட் அந்தக் குழாயைக் கொண்டுவந்து, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் வாயில் வைத்து அமுக்கியிருக்கிறான்.

"என்னடா பண்ணின?"

"நான் என்ன பண்ணேன்? தட்டிப் பாத்தேன், வரல. வயசாயிருச்சு அதுக்கு."

"இந்தத் தண்ணிக்கும் வயசாயிருச்சா?"

அதற்குள் மேடைக்கு வெளியே இரண்டாவது லாரி ஹார்ன் அடித்தது. மூன்றாவதும் வந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. வரிசையை விட்டுவிட்டுச் சண்டை போட நேரமில்லை. மில்பர்ட்டுக்கு அது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான்.

மேடையின் எடை முள் நல்லவேளையாக ஓடிக்கொண்டிருந்தது. லவோன் கையால் சீட்டு எழுதினாள். கர்ட் ஓடி வந்தபோது அவள் நிமிராமலே சொன்னாள்.

"உங்க தலைவர் அதுக்குக் காத்து ஊதியிருக்காரு. உள்ள பூரா தண்ணி."

"நீங்க பாத்தீங்களா?"

"குனிஞ்சு பாருங்க, இன்னும் சொட்டுது."

அவன் குனியவில்லை. குனிந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டி வரும்.

"அறுவடை நேரம் லவோன். இப்ப யாரு மேலயும் பழி போட வேணாம். அப்புறம் நிதானமா பேசிக்கலாம்."

"நான் பழி போடல. தண்ணியக் காட்டுறேன்."

அவன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். தோளைத் தட்டுகிறவனை அவளுக்கு எப்போதும் பிடிக்காது.

அன்றைக்கு வரிசை நெடுஞ்சாலையைத் தாண்டியது. ஒருவனும் அவளைச் சும்மா விடவில்லை. டெல்மர் என்று ஒருவன், நிலத்தைவிட நாக்கு நீளமானவன், லாரி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"புதுசு வேணும் புதுசு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்த. வாங்கறதுக்கு இது ஒரு வழியா லவோன்?"

"உன் பொண்டாட்டியும் புதுசு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. இந்த வழி தெரிஞ்சிருந்தா நீ எப்பவோ செத்திருப்ப. சீட்டப் புடி, நகரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் டெல்மர் போட்ட விதை விழுந்துவிட்டது.

அடுத்த நாள் அபர்டீன் நகரத்திலிருந்து பழுது பார்க்கிறவன் வந்தான். காலையில் காபி குடிக்க எடை அறைக்கு வருகிற நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், படம் பார்க்க வந்த மாதிரி. அவன் மூடியைக் கழற்றினான். உள்ளே தூசி சேறாகி ஒட்டியிருந்தது.

"உள்ள ஈரம் போயிருக்கு. காபி கொட்டிருச்சா?"

நாலு தலையும் லவோன் பக்கம் திரும்பியது. காபிப் பானை அவள் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த நாலு பேருக்கு அவள் போட்டு வைத்த காபிதான் அதில் இருந்தது.

"காபின்னா கறை இருக்கும். கறை எங்க காட்டு," என்றாள்.

"எப்படி வந்துச்சுங்கறது என் வேலை இல்லைங்க. சரி பண்ணணுமா, வேற வாங்கணுமா, அதச் சொல்லுங்க."

"சரி பண்ண முடியுமா?" என்று லவோன் கேட்டாள்.

"வேற பழசு ஒண்ணுல இருந்து போர்டு கழட்டிப் போடலாம். ஓடும். எத்தன நாளைக்குன்னு என்னக் கேக்காதீங்க. கெழட்டுக் குதிரைக்குப் புதுப் பல்லு கட்டுற மாதிரிதான்."

"உன் வீட்டுதா இருந்தா?"

"குப்பையில போட்டிருப்பேன்."

அவன் போய்விட்டான். காபி என்ற ஒரு வார்த்தையை மட்டும் ஊரில் விட்டுவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் அது லாரி ஏறி எல்லா வயலுக்கும் போய்விட்டது. லவோன் காபியைக் கொட்டிவிட்டாள். வேண்டுமென்று கொட்டினாள் என்றான் ஒருவன். பாவம், தெரியாமல் கொட்டியிருப்பாள் என்றான் இன்னொருவன். இந்த இரண்டாவது ஆளைத்தான் லவோனுக்குக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. வேண்டுமென்று செய்தாள் என்றால் சண்டை போடலாம். பாவம் என்றால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஹில்டா வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் பாட்டுக் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள்.

"கை நடுங்குதாமே லவோன்? டாக்டர்கிட்ட காட்டினியா? எங்க அண்ணிக்கும் இப்படித்தான் சின்னதா ஆரம்பிச்சுது."

லவோன் கையை உருவிக்கொண்டாள். அன்றைக்கு அவள் பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள், அசையாமல், நடுங்குகிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று. மூன்றாவது வரிசையில் மில்பர்ட் சத்தமாகப் பாடினான்.

அவனுக்கு ஒரு வாக்கியம் போதும். நான்தான் ஊதினேன் என்று சொன்னால் முடிந்தது. நல்ல மனசோடுதான் ஊதினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கோதுமை முடிந்ததும் கர்ட் அவளைக் கூப்பிட்டு ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை நீட்டினான். படத்தில் ஒரு எடைமேடை. பக்கத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு சின்னப் பெட்டி. லாரிக்காரன் ஜன்னல் வழியாக ஒரு அட்டையைக் காட்டுகிறான், பெட்டி சீட்டைத் துப்புகிறது. படத்தில் அறையே இல்லை. ஜன்னல் இல்லை. உள்ளே ஆள் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரி மாத்திடலாம்னு யோசிக்கிறோம்," என்றான் கர்ட், அந்தச் சிரிப்போடு. "நீங்களும் எவ்வளவு நாள்தான் இந்தத் தூசியில உக்காருவீங்க? கொஞ்சம் ஓய்வு எடுத்தா நல்லதுதானே."

"நான் கேட்டது கம்ப்யூட்டர்."

"இதுவும் கம்ப்யூட்டர்தான்."

"எனக்குப் பதிலா கம்ப்யூட்டர் நான் எப்பக் கேட்டேன்?"

"முடிவு ஒண்ணும் பண்ணலையே. பழசச் சரி பண்றதும் இருக்கு. கூட்டத்துல பேசுவோம். உங்க விருப்பத்தையும் கேப்போம்."

அப்போதுதான் அவளுக்கு அந்தக் குழி முழுசாகத் தெரிந்தது. சரி பண்ணுங்கள் என்று அவள் சொன்னால், செத்ததையே கட்டிக்கொண்டு இன்னும் பத்து அறுவடைக்கு வசவு வாங்க வேண்டும். அது நின்றால், நீதானே வேண்டும் என்றாய் என்பார்கள். புதுசு வாங்குங்கள் என்று சொன்னால், அவளே கேட்டுக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். வேலையை விட்டு எடுத்தோம் என்று ஒருவன் வாயிலும் வராது. கை நடுங்குகிற கிழவி, காபியைக் கொட்டினாள், அவளே போய்விட்டாள், பாவம். எங்கள் ஆட்கள் ஒருத்தியின் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் கத்தியை அவள் கையில்தான் கொடுப்பார்கள்.

கூட்டம் சர்ச்சின் அடித்தளத்தில். முன்னால் ஆம்பளைகள் மடக்கு நாற்காலியில், மடியில் தட்டோடு. பின்னால் சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பொம்பளைகள், பன்றி இறைச்சியும் பீன்ஸும் சூடு பண்ணிக்கொண்டு, பாலாடை ஊற்றிச் சுட்ட கூகன் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டு. லவோன் இரண்டு பக்கமும் இல்லாமல் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

கர்ட் இரண்டு வழியையும் சொன்னான். எங்கள் கூட்டத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் தலையில்தான் விடியும். ஆகவே எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். கடைசியில் மில்பர்ட் தொண்டையைக் கனைத்தான்.

"லவோனையே கேப்போமே. அவதான அதோட உக்காந்திருக்கா."

"அவளுக்குப் புதுசுதான் வேணும்," என்றான் டெல்மர். "ரொம்ப நாள் தவம்." நாலு பேர் சிரித்தார்கள்.

லவோன் எழுந்து நின்றாள்.

"ஆமா, புதுசுதான். இத்தன வருஷமா அதத்தான் சொன்னேன். இப்ப என் பொழப்பு போகுதுங்கறதுக்காகப் பேச்ச மாத்த மாட்டேன். செத்த மெஷினுக்கு உயிர் குடுக்குறேன்னு இன்னொரு தரம் ஏமாந்தீங்கன்னா அது உங்க முட்டாள்தனம். ஆனா அது எப்படிச் செத்துச்சுன்னு முதல்ல பேசிடுவோம்."

"அது முடிஞ்ச விஷயம் லவோன்," என்றான் கர்ட்.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. எனக்குக் கை நடுங்குதாம், இந்த ஊர்ல எனக்குத் தெரியாம. மில்பர்ட், நீ சொல்லு. எப்படிச் செத்துச்சு?"

மில்பர்ட் கூகனை முள்கரண்டியால் குத்தினான். "பழைய மெஷின். தூசி இருந்துச்சு. எதனாலன்னு யாரு கண்டா."

அப்போது சமையலறை ஜன்னலில் ஒரு பாத்திரம் நங்கென்று விழுந்தது. மில்பர்ட்டின் மனைவி அல்வீனா. அவளும் லவோனும் சிநேகிதிகள் இல்லை. மேற்குத் துண்டு கைமாறிய நாளிலிருந்து வணக்கத்தோடு சரி. ஆகவே அவள் லவோனுக்காகப் பேசுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அவள் லவோனுக்காகப் பேசவும் இல்லை.

"யாரு கண்டாவா? நான் கண்டேன்," என்றாள். "வீட்டுக்கு வந்து நீயே சொன்ன. கொஞ்சம் ஊதிவிட்டேன், புஸ்ஸுன்னு போயிருச்சுன்னு. என் தையல் மெஷினையும் இப்படித்தான் ஊதின. அது போனதும் நான் எண்ணெய அதிகமா விட்டேன்னு உங்க அம்மாகிட்ட சொன்ன. அவங்க சாகுற வரைக்கும் என்னைக் கைராசி இல்லாதவள்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் வாயத் தொறந்தனா? இப்பத் தொறக்குறேன்."

முதலில் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். டெல்மர் தொடையைத் தட்டினான்.

"அட மில்பர்ட், நீயா? போன வருஷம் நானும் ரேடியோவ இப்படித்தான் ஊதினேன்."

"யாருக்கும் நடக்கும்," என்றான் ஒருவன்.

"நல்லது நெனச்சுத்தான செஞ்சாரு," என்றான் கர்ட்.

அவ்வளவுதான். தீர்ந்தது. முன்வரிசைக்காரன் மில்பர்ட்டின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான்.

லவோனின் முகம் வெளுத்துவிட்டது. கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் கத்தவில்லை.

"இப்ப சிரிக்கிறீங்க," என்றாள். "நான் பண்ணேன்னு நெனச்சப்ப ஒருத்தனும் சிரிக்கலையே. அப்ப அது கெழவியோட கை. அப்ப அது திட்டம் போட்டுச் செஞ்ச துரோகம். அவன் பண்ணா யாருக்கும் நடக்கும். இந்த யாருக்கும்ங்கறதுல நான் இல்லையா? நான் போட்ட காபியக் குடிச்சுக்கிட்டே என் மேல காபிய ஊத்துனீங்க. டெல்மர், உன் பல்ல மூடு. நான் இன்னும் முடிக்கல. எனக்குக் கை தூக்க உரிமை இல்ல, அது எனக்குத் தெரியும். உரிமை இருக்கறவங்க இப்பத் தூக்குங்க. என்ன வேணுமோ அதுக்குத் தூக்குங்க. ஆனா என்னை வெளிய அனுப்பச் சொல்லி நானே கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ஒருவன் முன்மொழிய வேண்டும், ஒருவன் வழிமொழிய வேண்டும். ஒருவனும் அசையவில்லை. இப்படியே விட்டால் கூட்டம் கலைந்துவிடும், பழைய பெட்டிக்குப் புதுப் பல் கட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அல்வீனா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே வந்தாள். அவளுக்கு அப்பா வழி நிலம் உண்டு, அவள் பெயரில் தனிப் பங்கும் உண்டு. எங்கள் வீட்டுப் பொம்பளைகளில் பங்கு இருக்கிறவர்கள் பல பேர். ஆனால் கூட்டத்தில் கை தூக்கின ஒருத்தியையும் நான் அறிந்து யாரும் பார்த்ததில்லை. கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பீன்ஸை யார் பார்ப்பது என்பதுதான் காரணம்.

"நான் முன்மொழியுறேன்," என்றாள். "புதுக் கம்ப்யூட்டர். கம்பத்துல இல்ல, அறைக்குள்ள. அது முன்னாடி லவோன். எழுதிக்குங்க கர்ட்."

கர்ட்டின் சிரிப்பு முதல் தடவையாக முகத்தில் இடம் தெரியாமல் அலைந்தது. "வழிமொழிய யாராவது..."

அல்வீனா யாரையும் தேடவில்லை. தன் புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான். மில்பர்ட் இரவு போக வேண்டிய வீடு ஒன்றுதான். அவன் காது சிவந்து, கழுத்து சிவந்து, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"வழிமொழியுறேன்."

கை தூக்கச் சொன்னபோது ஆம்பளைகளில் பாதிப் பேர்கூடத் தூக்கவில்லை. ஆனால் சமையலறை ஜன்னலில் சோப்பு நுரை சொட்டச் சொட்ட வரிசையாகக் கைகள் எழுந்து தீர்மானத்தை நிறைவேற்றின. லவோன் மேல் அன்பு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஊதிக் கெடுத்த சாமான் ஒன்று இருந்தது, அதற்கு அவளே வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சும் இருந்தது.

கூட்டம் முடிந்து லவோன் வெளியே வந்தாள். அவளுடைய காருக்குப் பக்கத்தில் மில்பர்ட் நின்றான், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு.

"சூரியகாந்தி இந்த வருஷம் நல்லா வந்திருக்கு," என்றான்.

"சூரியகாந்தியப் பத்தி உன்ன நான் கேக்கல."

"அல்வீனாதான் சொல்லிட்டாளே."

"அவ சொன்னா. நீ சொல்லல."

அவன் சரளைக் கல்லைக் காலால் தள்ளினான். வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. "நான்தான் ஊதினேன்," என்றான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கிட்டச் சொல்லி என்னடா பண்ண? என் கையப் புடிச்சுக்கிட்டு நடுங்குதான்னு கேட்டாளே, அவகிட்டச் சொல்லு. ஞாயித்துக்கிழமை, வாசல்ல, எல்லாரும் இருக்கும்போது."

"எதுக்கு லவோன் அதப் பெருசு பண்ற? வேலைதான் இருக்கே உனக்கு."

"வேலை எனக்கு நீ குடுத்ததில்ல. என் பேரு நீ எடுத்தது. திருப்பிக் குடு."

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான். பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, பல் பிடுங்கக் கொண்டுபோன மாடு மாதிரி ஹில்டா முன்னால் வந்து நின்றான்.

"லவோன் கை நல்லாத்தான் இருக்கு. அந்தக் கம்ப்யூட்டர நான்தான் ஊதிக் கெடுத்தேன்," என்று முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள் லவோன், படியில் நின்றபடி.

அவன் திரும்பவும் சொன்னான், இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது. ஹில்டா வாயில் கை வைத்துச் சிரித்தாள்.

"அப்ப டாக்டர்கிட்ட உன்னத்தான் கூட்டிக்கிட்டுப் போகணும் மில்பர்ட்." பிறகு லவோன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "தப்பா எடுத்துக்காத லவோன். அக்கறையிலதான் கேட்டேன்."

லவோன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தன் இரண்டு கையையும் ஹில்டாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள், விரல்களை விரித்து. அவை மரக்கட்டை மாதிரி நின்றன.

"அக்கறை இருந்திருந்தா இதப் பாத்திருப்ப. ஊர் சொன்னதக் கேட்டிருக்க மாட்ட," என்றாள். "இப்பப் பாரு. நல்லாப் பாரு. அவசரம் ஒண்ணுமில்ல."

ஹில்டா பார்த்தாள். வேறு வழியில்லை. லவோன் கையை இறக்குகிற வரைக்கும் வாசலில் ஒருத்தரும் நகரவில்லை.